பல் கட்டிய லாரிக்கு என்ன விலை

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அவை இப்போது என்ன பெறும் என்று சொல்வதுதான் அவருடைய தொழில். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கூப்பிட்டால் போவார். கையில் ஒரு டார்ச், சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம், பேன்ட்டின் முழங்காலில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ். வண்டிக்காரர் எந்த விலை சொன்னாலும் அதில் பாதிக்குக் கீழே வந்துதான் அவர் மூச்சு விடுவார். அதனால் ஒர்க் ஷாப்புகளில் அவருக்குப் பாதியார் என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் அவரே போனை எடுத்து, "பாதியார் பேசறேன்" என்றதும் அந்தக் கேலியில் இருந்த ருசி போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவருடைய கணக்கு எளிமையானது. முழுசாக முடிந்த, ஓடுகிற, பேப்பர் சுத்தமாக இருக்கிற வண்டி நூறு. அங்கிருந்து ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு படி கீழே இறங்க வேண்டும். நாளாக ஆக இந்தக் கணக்கு வண்டிகளைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நேத்து அறுபது, இன்னிக்கு எழுபது" என்பார். மனைவி ஆசைப்பட்டு ஒரு சோபா வாங்கியபோது சுற்றி வந்து விரல் முட்டியால் நான்கு பக்கமும் தட்டினார். பிரிக்காமல் இருந்திருந்தால் தொண்ணூறு, நீ உட்கார்ந்துவிட்டாய், இனி அறுபதுதான் என்றார். தன்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அப்பா இவரை இப்படி நான்கு பக்கமும் தட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்று அந்த அம்மாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரைத்தான் அவருடைய அக்கா கூப்பிட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கும் லாரிக்கு ஒரு விலை சொல்ல வேண்டும் என்றாள்.

அந்த லாரியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அத்தானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் கணவர் பல் கட்டுகிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்பினால், அதைப் பார்த்து மெழுகில் ஒருமுறையும் பிறகு நிஜத்திலும் பல்செட் செய்து கொடுப்பவர். அவருடைய அறையில் அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு பெரிய கூட்டத்தில் தாங்கள் ஏதோ உளறிவிட, எல்லாரும் சிரிக்கிற மாதிரி இருக்கும். அத்தானுக்கு அவை பிள்ளைகள் மாதிரி. எது யாருடைய வாய் என்று சீட்டைப் பார்க்காமல் சொல்வார்.

அவருடைய தொழிலில் வெளியே தெரிவதுதான் எல்லாம். ஈறு எப்படி இருக்கிறது, எலும்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் டாக்டர் கவலை. லாரியையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எப்போதோ மூடிப்போன ஒரு மரக்கடையிலிருந்து அந்தப் பழைய மூக்கு லாரியைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது, எல்லாரும் போல இன்ஜினிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். அவர் ஜன்னல் திரையிலிருந்து ஆரம்பித்தார். பிறகு இருக்கைக்கு மெரூன் வெல்வெட். பிறகு டேஷ்போர்டுக்கு மரம் இழைத்து, பல்செட்டுக்குப் போடும் பாலிஷைப் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். கதவைச் சாத்தினால் சத்தம் வராது. பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு ஒலி மட்டும் வரும். அந்தப் பெருமூச்சுக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் செலவானது. இன்ஜின் மட்டும் பிஸ்கட் டின்களிலும், பிளாஸ்டர் கரைக்கும் ரப்பர் கிண்ணங்களிலும் பிரிந்து கிடந்தது. அது டாக்டர் கவலை. டாக்டர்தான் இன்னும் வரவில்லை.

அக்கா வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரைகள், சோபா உறைகள், மெத்தை உறைகள். இரண்டு மிஷின்களும் படுக்கையறையில் இருந்தன. துணிக் கட்டுகள் கட்டிலில் கிடந்தன. ராத்திரியானால் துணியை இறக்கிவிட்டு மனிதர்கள் ஏற வேண்டும். ஊசி குத்தாமல் தூங்கி எழுந்தால் அன்றைக்கு நல்ல சகுனம் என்று அவளே சொல்வாள். இந்த நேரத்தில்தான் புதிதாகத் திறக்கப் போகிற ஒரு லாட்ஜிலிருந்து எல்லா அறைகளுக்கும் திரை தைத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். இதுவரை அவளுக்கு வந்ததில் பெரிய வேலை. துணியை நீளமாக விரித்து வெட்ட இடம் வேண்டும். கட்டிலில் வெட்ட முடியாது. வீட்டில் அப்படி ஒரே ஒரு இடம்தான் உண்டு. அதில் லாரி நின்றது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதில் இங்கே எழுதும்படி பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலும் பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. பாதியார் வந்து விலை சொல்வார். அந்த விலையைத் தர ஒரு ஆள் மாதக் கடைசிக்குள் வந்தால் லாரி போகும். வராவிட்டால் லாரி அங்கேயே நிற்கும், அக்கா அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. பாதியார் சொல்வதை இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலை குறைந்தால் லாரி போய்விடும், கூடினால் நின்றுவிடும். இதைப் புரிந்துகொள்ள இருவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

அக்கா போனில் பேசினாள். நலம் விசாரித்தாள். தம்பியின் மனைவியையும் விசாரித்தாள், அது வழக்கத்தில் இல்லாதது. பிறகு மெதுவாக, "உள்ளதைச் சொல்லுடா, போதும். நீ உள்ளதைச் சொன்னாலே பாதிதானே வரும்" என்றாள். அத்தான் நேரிலேயே வந்துவிட்டார். பாதியாரின் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, ரொம்ப நாளாக அவர் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். அத்தான் அதைப் பற்றித்தான் பேசினார். அதற்கு ஒரு நல்ல உறை போட்டுவிடலாம், தானே செய்து தருகிறேன், சொந்தத்துக்குள் என்ன கணக்கு என்றார். கிளம்பும்போதுதான் லாரி நினைவுக்கு வந்தவர் மாதிரி, "கொஞ்சம் கூட்டிச் சொன்னா ஒண்ணும் குறைஞ்சிடாது மாப்பிள்ளை" என்றார்.

பாதியார் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். "அத்தான், நான் இதுவரைக்கும் கூட்டினதே இல்லை. எனக்கு அதை எப்படிச் செய்யறதுன்னே தெரியாது" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். முதல் வேலையாக இரண்டு பேரையும் வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். வண்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் அவர் பார்க்கவே மாட்டார். சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்தால் காந்தம்கூட ஒட்டாது என்பது அவர் அனுபவம். உள்ளே போனவர்கள் சமையலறை ஜன்னலில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரத்தில் அவர்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றது அப்போதுதான்.

பேப்பர்களை முதலில் பார்த்தார். சுத்தமாக இருந்தன. காந்தத்தை எடுத்துக் கதவு, மட்கார்டு, கூரை என்று ஓட்டினார். எல்லா இடத்திலும் கப்பென்று பிடித்தது. பட்டி பூசி மறைத்த இடம் ஒன்றுகூட இல்லை. மனதுக்குள் அத்தானுக்கு ஒரு வணக்கம் போட்டார். அதற்கப்புறம் படியிறங்க ஆரம்பித்தார். இன்ஜின் டின்களில் இருக்கிறது, எல்லாம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அங்கேயே நாற்பது போனது. பிரேக் இல்லை. வயரிங் இல்லை, இருக்க வேண்டிய இடத்தில் அழகான பின்னல் கயிறு கட்டியிருந்தது. மெரூன் வெல்வெட் எல்லாருக்கும் பிடிக்காது. வாங்குகிறவனுக்கு வேறு ஆசை இருக்கும், இதைப் பிரித்து எறிய அவனுக்குக் கூலி ஆகும். இதெல்லாம் செய்யாமல் லாரியைக் கண்டெடுத்தபடியே தூசியோடு விட்டிருந்தால் பழைய வண்டிப் பைத்தியங்கள் முப்பதுக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். அத்தான் உழைத்து உழைத்து அதை முப்பதிலிருந்து கீழே கொண்டு வந்திருந்தார்.

இருபதில் வந்து நின்றார். அப்போதுதான் லாரியின் முன்பக்கம் போனார்.

முன் கிரில் கம்பெனியில் வந்தது இல்லை. அத்தானே வார்த்துப் பொருத்தியது. செங்குத்தாக, அகல அகலமாக, வெள்ளை உலோகத்தில் ஒரு வரிசைப் பட்டைகள். நன்றாகப் பளபளத்தன. ஆனால் ஒன்றும் நேராக இல்லை. நடுவில் இருந்த ஒன்று பக்கத்திலிருந்ததன் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ஒன்று கட்டை. இரண்டுக்கு நடுவே ஒரு சந்து. பாதியார் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். பானெட் நேராக இருக்கிறது, கிரில் கோணலாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் கண்டிருக்கிறார். வண்டி எதன் மீதோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது, வெளியே தெரிகிறதை மட்டும் நிமிர்த்தியிருக்கிறார்கள், உள்ளே அடிச்சட்டம், அந்த சேஸ், வளைந்திருக்கலாம். ஒரு கயிறு பிடித்து அளந்து பார்த்தார். ஸ்டாண்டின் மேல் நிற்கிற வண்டியில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் என்றால் கழிக்க வேண்டும். கழித்தார்.

சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவர் டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "பன்னிரண்டு."

அக்கா டீயை ஆற்றுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். பன்னிரண்டு என்றால் நாளைக்கே ஆள் வந்துவிடும். அத்தான் எண்பதாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தார். அவர் வாய் கொஞ்ச நேரம் அவருடைய அலமாரியில் இருக்கிற வாய்கள் மாதிரியே இருந்தது. பாதியார் ஒவ்வொரு படியாக விளக்கினார். டின், பிரேக், பின்னல் கயிறு, வெல்வெட். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிப் படியில், வண்டி முன்பக்கம் மோதியிருக்கிறது என்று சொன்னபோது தலை நின்றது.

"மோதலா? எங்கே?"

"கிரில் கோணலா இருக்கு அத்தான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு."

"கோணலாத்தான் இருக்கும். நான்தானே அப்படிக் கட்டினேன்." அத்தானுக்கு முதல்முறையாகத் தொழில் கோபம் வந்தது. பல்லை வரிசையாகக் கட்டினால் பொய்ப்பல் என்று தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும் என்றார். நல்ல வேலைக்காரன் கொஞ்சம் கோணல் வைப்பான், ஒன்றைக் கட்டையாக்குவான், ஒரு சந்து விடுவான், அப்போதுதான் சொந்தப் பல் மாதிரி இருக்கும். இதை அவரிடம் படிக்க வருகிற எல்லாரிடமும் முதல் நாளே சொல்வாராம்.

லாரிக்கு எதற்குச் சொந்தப் பல் என்று பாதியாருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டது அக்கா, அதுவும் வேறு கேள்வி.

"யாரோட அளவு அது?"

அத்தான் மேஜை விரிப்பில் இருந்த ஒரு பூவை விரலால் சுற்றி வரைந்தார். சில வருஷங்களுக்கு முன், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாய், அதற்கு ஒரு உறை செய்து தருகிறேன் என்று அவள் வாயில் அளவெடுத்தாரே, அந்த உறை வரவே இல்லை. அக்காவும் மறந்துவிட்டிருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. எழுந்து, கண்ணாடி மாட்டியிருந்த ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அவள் அந்த லாரியின் முன்னால் போய் நின்று பார்த்து வருஷங்கள் ஆகியிருக்கும். பின்கதவு வழியாகப் போய், பின்கதவு வழியாகத் திட்டிவிட்டு வருவதுதான் வழக்கம்.

பாதியார் பின்னாலேயே போனார். அக்கா ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்து, உதட்டை விரித்து, லாரியைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி லாரியைப் பார்த்தாள். லாரியும் அவளைப் பார்த்து அதே மாதிரி இளித்தது. மேலேறிய பல், கட்டைப் பல், சந்து, எல்லாம் அப்படி அப்படியே. பாதியார் சின்ன வயதில் தினமும் தட்டுக்கு எதிரே பார்த்த வாய் அது. டார்ச் அடித்துப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை.

"என் பல்லைப் பார்த்து வண்டி மோதிடுச்சுன்னு சொல்லியிருக்க" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"அக்கா, அது வந்து..."

"எதிரெதிரா உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன் நீ. உனக்கு ஆக்சிடென்ட் மாதிரியா தெரிஞ்சுது?"

அவர் தொழிலில் எத்தனையோ சொந்தக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். அவர் அசைந்ததில்லை. ஆனால் சந்தேகம் தீர்ந்துவிட்டால் கழித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அவருடைய நியாயம்தான். மோதல் இல்லை என்றால் இருபது என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விலையை ஏற்றிச் சொன்னதில் காது சூடானது.

"அப்போ என் பல்லு எட்டுதானா?" என்றாள் அக்கா.

அத்தான் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அவர் ஒருவேளை, விலை ஏறியதில் லாரி தப்பித்துவிடும் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பெண்டாட்டி எப்போது தன் பக்கம் திரும்புவாள், திரும்பினால் என்ன சொல்வாள் என்பதிலேயே இருந்தார். அவள் திரும்பினாள். "ஏங்க, வாய்க்குள்ள அந்தக் கூழைப் போட்டு அடைச்சீங்களே, லாரிக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொஞ்சம் நல்லா சிரிச்சிருப்பேன்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தானுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் இடம் வேண்டும் என்பதில் அக்கா மாறவில்லை. நூறுக்கு இருபது என்ற கணக்கில் வந்த பணத்தை, இருபது என்றே ஊரில் சொல்லி அனுப்பினார்கள். பழைய வண்டி சேர்க்கிற ஒருவர் வந்து, இன்ஜினைக் காட்டுங்கள் என்றார். பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டியதும், பசியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய இரும்புக்காரர் ஒருவர் எடைக்குக் கேட்டார். எல்லாம் சேர்த்துப் பத்துக்குக் கிட்டே வந்தது. முன்னால் இருக்கிற அந்தப் பல்லைக் கழற்றிக்கொண்டால் நல்லது, அதில் சரக்கு இல்லை என்றார். அவரை அக்கா வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். அவர் தன் தராசை மறந்துவிட்டுப் போனது அவசரத்தில்தான்.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. லாட்ஜ்காரர்கள் இரண்டு முறை போன் செய்தார்கள். கடைசி வாரத்தில், ஒரு நாள் சாயங்காலம், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற ஒருவர் வந்தார். அன்றைக்குப் பாதியாரும் அங்கே இருந்தார். அக்காவின் கோபம் இப்போது எத்தனையில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

ஸ்டுடியோக்காரர் ஒல்லியாக, சோர்வாக இருந்தார். ஷெட்டுக்குள் வந்தவர் லாரியைப் பார்த்ததும் நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடி சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றாள் அக்கா. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். காலையிலிருந்து ராத்திரி வரை அவருக்கு ஒரே வேலை, மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவது. கல்யாண ஜோடியாக இருந்தாலும் சரி, கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, கேமராவைப் பார்த்தால் கடன்காரனைப் பார்த்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்காதீர்கள் என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு முற்றம் இருக்கிறது. இந்த லாரியைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் தான் வாயே திறக்க வேண்டாம் என்றார். சில பேரை உள்ளே உட்காரவைத்தும் எடுக்கலாம். அந்த மெரூன் வெல்வெட் படத்தில் நன்றாக விழும். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது என்றார்கள், கொண்டு வந்திருக்கிறேன் என்று பையைத் தட்டினார்.

பாதியார் மூச்சை விட்டார். ஷெட் கிடைத்துவிட்டது. அக்கா தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அக்கா தலையாட்டவில்லை. "இருபது யாருக்கு? ஓட்டறதுக்கு வாங்கறவனுக்கு இருபது" என்றாள். "உங்களுக்கு இது தொழில் கருவி. கதவைச் சாத்திப் பாருங்க."

அவர் சாத்தினார். கதவு பெருமூச்சு விட்டது.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷமாக எதையெல்லாம் சொல்லி அத்தானைத் திட்டினாளோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அந்த டேஷ்போர்டைத் தேய்த்துத் தேய்த்து வீட்டுக்காரரின் கட்டைவிரல் ரேகை அழிந்துபோனதைச் சொன்னாள். வெல்வெட்டுக்குச் சரியான நிறம் கிடைக்காமல் வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னாள். ஜன்னல் திரைகள் தானே தைத்தது என்றாள். மனதில்லாமல் தைத்தேன், அப்படியும் எப்படி விழுகிறது பாருங்கள் என்றாள். பட்டி பூசிய இடம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம் என்று தம்பியின் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஸ்டுடியோக்காரர் கையில் கொடுத்தாள். அத்தான் ஒரு டின்னின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து உள்ளே போனார். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து அதே டின்னின் மேல் உட்கார்ந்தார்.

"நாற்பது" என்றாள் அக்கா.

ஸ்டுடியோக்காரர் பையை மூடினார். அவ்வளவு முடியாது என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பாதியார் அக்காவின் காதருகே போய், இருபது வந்தாகிவிட்டது, பேசியபடி விட்டுவிடு, லாட்ஜ் வேலை கைவிட்டுப் போய்விடும் என்றார். நூறு வருஷம் நின்றாலும் இதற்கு இன்னொரு ஆள் வர மாட்டான் என்றும் சொன்னார். தொழில் முறையில் அது உண்மை. அக்காவின் முகம் வெளுத்திருந்தது. கட்டிய கைகளை மட்டும் அவள் பிரிக்கவில்லை. "போனாப் போகட்டும். கட்டில்லயே வெட்டிக்கறேன்" என்றாள்.

ஸ்டுடியோக்காரர் கேட்டை எட்டிவிட்டார். கொக்கியைத் திறக்கிறபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஷெட்டின் இருட்டிலிருந்து லாரி அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அக்கா, பயத்தை மறைக்க, அதே வாயை அதே மாதிரி விரித்துச் சிரித்து வைத்திருந்தாள். மனிதர் கொக்கியைப் பிடித்துக்கொண்டே குலுங்கினார். கேட்டும் சேர்ந்து குலுங்கியது.

திரும்பி வந்து நாற்பது என்று ஒப்புக்கொண்டார். அக்கா கூடவே ஒரு நிபந்தனை போட்டாள். எந்தக் காலத்திலும் பல்லை நேராக்கக் கூடாது. நேராக இருந்தால் யாருங்க சிரிப்பா என்றார் அவர்.

மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது ரிக்கவரி வண்டி வந்து லாரியை ஏற்றியது. பாதியார் அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். தான் போட்ட விலைக்கு இரண்டு மடங்கில் ஒரு வண்டி போவதை அவர் பார்த்ததே இல்லை. ஒரு மாதிரி மயக்கமாக இருந்தது. அத்தான் அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் அழவில்லை. ஏற்றுகிறவர்களுக்குக் கயிறு எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பித் தெருவில் இறங்கி நல்ல வெளிச்சத்துக்கு வந்தது. அத்தான் கண்ணைச் சுருக்கினார். ஷெட்டின் மங்கல் வெளிச்சத்தில் இத்தனை வருஷம் தெரியாதது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

"மூணாவது பல்லு தூக்கியிருக்கு" என்றார். "மெல்லும்போது இடிக்கும்."

யாரும் பதில் சொல்வதற்குள், உள்ளே ஓடி ஒரு அரத்தை எடுத்துக்கொண்டு, வேட்டை நாய் மாதிரி வண்டிக்குப் பின்னால் ஓடினார். தெருமுனை சிக்னலில் வண்டி நின்றது. இங்கிருந்து பார்த்தால், அவர் ரிக்கவரி வண்டியின் தட்டில் ஏறி, ஒரு கையால் லாரியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ராவுவது தெரிந்தது. சிக்னல் பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அவர் நிமிர்ந்து, வாயைத் திறந்தே வையுங்கள், இதோ ஆயிற்று என்று டாக்டர் சொல்கிற மாதிரி எல்லாரையும் கையமர்த்திவிட்டு மறுபடி குனிந்தார். வண்டி அவரையும் சேர்த்துக்கொண்டு மெதுவாகத் திருப்பத்தில் மறைந்தது.

பாதியார் பின்னாலேயே போய்க் கூட்டி வரலாம் என்று செருப்பை மாட்டினார்.

"எங்கே கிளம்பற?" என்றாள் அக்கா. அவள் ஷெட்டைக் கூட்டக்கூட இல்லை. எண்ணெய்க் கறை காயாத தரையில் நடந்து பார்த்து, எந்தப் பக்கம் வெளிச்சம் வருகிறது என்று பார்த்தாள். பிறகு நேராகப் படுக்கையறைக்குப் போய் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாட்ஜுக்குச் சரி சொன்ன கையோடு திரைத்துணி கட்டுக் கட்டாகக் கட்டிலின் மேல் வந்து இறங்கியிருந்தது.

"இந்தப் பக்கம் பிடிடா. ரெண்டு மிஷினும் ஷெட்டுக்குள்ள போகணும், மேஜையும் போகணும். ஒரு மூலைகூடக் காலியா இருக்கக் கூடாது."

"கொஞ்சம் இளைப்பாறிட்டு..."

"அவர் திரும்பி வர்றதுக்குள்ள" என்றாள் அக்கா. "காலி இடத்தைப் பார்த்தா அவருக்கு என்ன தோணும்னு உனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். தூக்கினார்.